என் லேப்டாப்பில் பில்ட் ஆகுது, போர்டில் ஓடலை: லிப்யூஎஸ்பியை ஆர்முக்குக் கிராஸ்-கம்பைல் பண்ணிய கதை

ஒரு லைப்ரரி எரரே இல்லாம பில்ட் ஆகி, போர்டில் போட்டதும் ஒரே ஒரு வரி சொல்லிட்டுச் செத்துப்போச்சு: இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன். எங்க மூணு பேரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டின் இரண்டாவது ரிவியூவுக்கு அப்போ நாலு நாள்தான் இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தேடிப்போனதில் கற்றுக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. உங்க ப்ராஜெக்ட்டில் ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்ன போர்டு இருந்து, கோடை லேப்டாப்பில் கம்பைல் பண்ணி அதில் ஓட்டணும்னு நினைச்சா, இதில் பாதியாவது உங்களுக்கும் நடக்கும்.

முதலில் ஒரு குறிப்பு. நம்ம இதழில் எல்லாமே தமிழ் எழுத்தில்தான் போகணும் என்பதால் கமாண்டுகளையும் உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிச்சுக்கோங்க. ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சா எது எதுன்னு புரிஞ்சிடும்.

எங்க செட்டப் இதுதான். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சென்சார் அளவுகளை யூஎஸ்பி வழியா அனுப்பும். ராஸ்பெர்ரி பை ஜீரோ அதை வாங்கி ப்ராசஸ் பண்ணும். வாங்கும் வேலையை லிப்யூஎஸ்பி என்ற லைப்ரரி செய்யுது. கெர்னல் டிரைவர் எழுதாமல், சாதாரண ப்ரோக்ராமில் இருந்தே யூஎஸ்பி கருவியோடு பேச வைக்கிற சி லைப்ரரி அது. பிரச்சினை என்னன்னா, டேட்டா வரணும், ஆனா ஒவ்வொரு தடவையும் டைம்அவுட். லைப்ரரிக்குள்ளே என்னதான் நடக்குதுன்னு பார்க்க அதன் சோர்ஸை இறக்கி, ரெண்டு மூணு இடத்தில் பிரிண்ட் போட்டு, டீபக் லாக்கோடு நாமே பில்ட் பண்ணலாம்னு முடிவு பண்ணினோம்.

பையிலேயே பில்ட் பண்ணியிருக்கலாமேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. லிப்யூஎஸ்பி சின்ன லைப்ரரிதான், அதை மட்டும்னா பையிலேயே முடிச்சிருக்கலாம். ஆனா அதை வெச்சு நாங்க எழுதியிருந்த சி++ கோடு டெம்ப்ளேட்டால் நிரம்பி வழியுது. பை ஜீரோவில் ஒரே கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி மெமரி. ஒரு ஃபைலை மாத்தி மேக் அடிச்சா ஸ்வாப்பில் போய் உட்கார்ந்துடும், டீ குடிச்சுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது. அதனால் எல்லாத்தையும் லேப்டாப்புக்கு மாத்தறதுன்னு ஆச்சு.

முதல் முயற்சி வெட்கக்கேடானது. வழக்கம்போல ./கன்ஃபிகர், மேக். அப்படியே பைக்குக் காப்பி. வந்த பதில்: எக்ஸிக் ஃபார்மட் எரர். ஃபைல் என்ற கமாண்டைக் கொடுத்துப் பார்த்தா எக்ஸ்86-64 என்று எழுதியிருக்கு. இன்டெல் மெஷின் கோடை ஆர்ம் சிப்பிடம் கொடுத்திருக்கோம். தெலுங்கு சினிமாவை சப்டைட்டில் இல்லாம போட்ட மாதிரி கூட இல்லை, அதிலாவது பாதி புரியும்.

சரி, ஆர்முக்கான கம்பைலரை உபுண்டுவில் இன்ஸ்டால் பண்ணி, சிசி என்ற வேரியபிளில் அதன் பெயரைக் கொடுத்தோம். இப்போ கன்ஃபிகரே நின்னுடுச்சு. கம்பைல் செய்த ப்ரோக்ராமை ஓட்ட முடியலை, கிராஸ்-கம்பைல் பண்றதா இருந்தா ஹோஸ்ட் ஆப்ஷனைக் கொடுன்னு சொல்லுது. இங்கேதான் முதல் பாடம்.

ஆட்டோகான்ஃப் வைக்கும் பெயர்கள் மூணு: பில்ட், ஹோஸ்ட், டார்கெட். பில்ட் என்பது கம்பைல் நடக்கும் மெஷின், அதாவது என் லேப்டாப். ஹோஸ்ட் என்பது கம்பைல் ஆகி வரும் பொருள் எங்கே ஓடுமோ அந்த மெஷின், அதாவது பை. நம்ம எல்லாருக்கும் ஹோஸ்ட் என்றால் நம்ம கம்ப்யூட்டர், டார்கெட் என்றால் போர்டு என்றுதான் மைக்ரோகன்ட்ரோலர் லேபில் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் அப்படியே தலைகீழ். டார்கெட் என்பது கம்பைலரையே பில்ட் பண்ணும்போதுதான் தேவை: அந்தக் கம்பைலர் எந்த மெஷினுக்குக் கோடு உருவாக்கும் என்பது. லிப்யூஎஸ்பி கம்பைலர் இல்லை, அதனால் டார்கெட்டை மறந்துடலாம். (மூணும் மூணு வெவ்வேறு மெஷினா இருந்தா அதுக்குக் கனடியன் கிராஸ்னு பெயர். அந்தப் பெயர் வந்த காலத்தில் கனடாவில் மூணு தேசியக் கட்சிகள் இருந்ததால் அப்படி வெச்சாங்களாம்.)

அடுத்து எழுதிய வரி இது:

./கன்ஃபிகர் --பில்ட்=எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ --ஹோஸ்ட்=ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐஎச்எஃப் --ப்ரிஃபிக்ஸ்=/யூஎஸ்ஆர்/லோக்கல்

ஹோஸ்ட் மட்டும் கொடுத்தால் போதாதா? பெரும்பாலும் போதும். ஆனா அப்போ கன்ஃபிகர் இது கிராஸா இல்லையான்னு ஒரு சின்ன ப்ரோக்ராமை கம்பைல் பண்ணி ஓட்டிப் பார்த்துத் தானே முடிவு பண்ணும். லேப்டாப்பில் கியூஇஎம்யூ யூசர் மோட் போட்டு வெச்சிருந்தா சில சமயம் ஆர்ம் ப்ரோக்ராமும் அதில் ஓடிடும். உடனே கன்ஃபிகர், இது கிராஸ் இல்லைன்னு நம்பிடும். பில்ட், ஹோஸ்ட் ரெண்டையும் கொடுத்து, ரெண்டும் வேற வேறயா இருந்தா சந்தேகத்துக்கே இடமில்லை.

கன்ஃபிகர் உண்மையில் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் சுலபம். அது ஒரு பெரிய ஷெல் ஸ்க்ரிப்ட். நூத்துக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்கும். இந்த ஹெடர் இருக்கா? கம்பைல் பண்ணிப் பார். இந்த ஃபங்ஷன் இருக்கா? லிங்க் பண்ணிப் பார். இந்த ஃபங்ஷன் ஒழுங்கா நடந்துக்குதா? ஓட்டிப் பார். முதல் ரெண்டு வகைக் கேள்விகளுக்குக் கிராஸ்-கம்பைலிலும் பதில் கிடைக்கும். மூணாவது வகைக்குக் கிடைக்காது, ஏன்னா ஓட்டவே முடியாது. அப்போ அது யூகிக்கும். பழைய கன்ஃபிகர்கள் எப்பவும் மோசமானதையே யூகிக்கும்.

இதுக்குப் பிரபலமான உதாரணம் ஒண்ணு இருக்கு. லிப்யூஎஸ்பியில் இல்லை, வேற பழைய லைப்ரரிகளில் நீங்க நிச்சயம் பார்ப்பீங்க. மேலாக்கிடம் பூஜ்யம் பைட் கேட்டா நல் இல்லாத பாயின்டர் தருதான்னு ஒரு டெஸ்ட். ஓட்ட முடியாததால், தராதுன்னு யூகிச்சு, மேலாக் என்ற பெயரையே ஆர்பிஎல்_மேலாக் என்று மாத்திவிடும். அந்தப் பெயரில் ஒரு மாற்று ஃபங்ஷனை லைப்ரரி எழுதினவர் வெச்சிருக்கணும். பல பேர் வெச்சிருக்க மாட்டாங்க. கடைசியில் லிங்க் ஆகும்போது ஆர்பிஎல்_மேலாக் என்பதைக் காணோம்னு எரர். சோர்ஸ் முழுக்க தேடினாலும் அந்தப் பெயர் எங்கேயும் இருக்காது, பைத்தியமே பிடிக்கும். தீர்வு ஒரே வரி. கன்ஃபிகர் ஒவ்வொரு பதிலையும் ஒரு கேஷ் வேரியபிளில் வைக்கும், அந்தப் பதிலை நாமே முன்கூட்டிச் சொல்லிடலாம்:

ஏசி_சிவி_ஃபங்க்_மேலாக்_0_நான்நல்=யெஸ்

இது ஏமாத்து வேலை இல்லை. ஜிலிப்சியின் மேலாக் நிஜமாவே பூஜ்யத்துக்கும் நல் இல்லாத பாயின்டர்தான் தருது. ஓட்டிப் பார்க்க முடியாத கேள்விக்குச் சரியான பதில் தெரிஞ்ச ஆள் நாம, அவ்வளவுதான். பதில் தெரியாம சும்மா யெஸ் போட்டீங்கன்னா அது வேற விஷயம். அந்தப் பக் ஓடும்போதுதான் வெளியே வரும்.

மறுபடியும் லிப்யூஎஸ்பிக்கு வரேன். மேலே சொன்ன வரியைக் கொடுத்ததும் கொஞ்ச தூரம் போய் நின்னுது: யூடெவ் சப்போர்ட் கேட்டிருக்கீங்க, லிப்யூடெவ் ஹெடர் இல்லை. லேப்டாப்பில் அந்தப் பேக்கேஜ் இருக்கே! ஆமா, இன்டெல்லுக்கானது இருக்கு. ஆர்ம் கம்பைலர் அதைப் பார்க்காது, பார்க்கவும் கூடாது.

இந்த இடத்தில்தான் பல பேர் பெரிய தப்பைப் பண்றாங்க. நானும் பண்ணினேன். சிஃப்ளாக்ஸில் -ஐ/யூஎஸ்ஆர்/இன்க்ளூட், எல்டிஃப்ளாக்ஸில் லேப்டாப்பின் லைப்ரரி ஃபோல்டர். ஹெடர் கிடைச்சுடுச்சு, சந்தோஷம். லிங்க்கர் மட்டும் ஒத்துப்போகாத லைப்ரரியைத் தவிர்க்கிறேன்னு சொல்லிட்டு, கடைசியில் காணோம்னு முடிச்சுது. நல்லவேளை, லிங்க்கராவது மறுத்தது. ஹெடர் ஃபைல் மறுக்காது. என் லேப்டாப் 64-பிட், பை ஜீரோ 32-பிட். லேப்டாப் ஹெடரில் இருக்கும் ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு பையில் வேறயா இருந்தா, கம்பைலர் ஒரு வார்த்தை பேசாம தப்பான ஆஃப்செட்டைப் போட்டுவிடும். பில்ட்ரூட்டில் இந்த மாதிரிப் பாதையைக் கொடுத்தால், கிராஸ்-கம்பைலுக்கு ஆபத்தான பாதைன்னு சொல்லி பில்டையே நிறுத்திடுவாங்க. அந்தக் கண்டிப்பு நியாயமானதுன்னு இப்போ தோணுது.

சரியான வழி சிஸ்ரூட். போர்டில் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டத்தின் ஹெடர்களையும் லைப்ரரிகளையும் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் கொண்டுவந்து, கம்பைலரிடம் இதுதான் உனக்கு ரூட், இதுக்கு வெளியே எட்டிப் பார்க்காதேன்னு சொல்றது. பையில் லிப்யூடெவின் டெவலப்மென்ட் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணி, ஆர்சிங்க் வெச்சு மூணு ஃபோல்டரையும் இழுத்துட்டு வந்தோம். இதில் ஒரு சின்ன கண்ணி: அங்கே சில லைப்ரரி சிம்லிங்க்குகள் ரூட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் காட்டும். லேப்டாப்புக்கு வந்ததும் அவை லேப்டாப்பின் ரூட்டைக் காட்டிக்கிட்டு நிக்கும். ஆர்சிங்க்கில் --காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ் கொடுத்தா லிங்க்குக்குப் பதில் நிஜ ஃபைலே வந்துடும். இதுக்கே எனக்கு அரை நாள் போச்சு, உங்களுக்குப் போக வேண்டாம்.

கன்ஃபிகர் பாஸ், மேக் பாஸ். எங்க சொந்த ப்ரோக்ராமையும் அதோடு லிங்க் பண்ணிப் பையில் போட்டோம். இந்தத் தடவை எக்ஸிக் ஃபார்மட் எரர் இல்லை. புதுசா ஒண்ணு: லிப்சி.எஸ்ஓ.6-இல் ஜிலிப்சி_2.34 என்ற வெர்ஷன் இல்லை.

இதைப் புரிஞ்சுக்கணும்னா ஜிலிப்சியின் சிம்பல் வெர்ஷனிங் தெரியணும். ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அது எந்த வெர்ஷனில் வந்தது, எப்போ மாறியது என்ற முத்திரை இருக்கும். நீங்க எந்த ஜிலிப்சியோடு லிங்க் பண்றீங்களோ, அதில் இருக்கும் புது முத்திரை உங்க ப்ரோக்ராமில் பதிவாகும். பழைய ஜிலிப்சியோடு லிங்க் பண்ணினது புதுசில் ஓடும். புதுசோடு லிங்க் பண்ணினது பழசில் ஓடாது. 2021-இல் வந்த 2.34-இல்தான் பிதிரட் லைப்ரரியைத் தனியா வைக்காம லிப்சிக்குள்ளேயே சேர்த்தாங்க. அதனால் அந்த வெர்ஷனைத் தாண்டி லிங்க் பண்ணின ஏறக்குறைய எந்த ப்ரோக்ராமா இருந்தாலும் 2.34 முத்திரை ஒட்டிக்கும், மெயின் ஃபங்ஷனைத் தொடங்கி வைக்கிற கோடு உட்பட. என் லேப்டாப்பில் உபுண்டு 22.04, அதில் ஜிலிப்சி 2.35. பையில் டெபியன் 11-ஐ அடிப்படையாகக் கொண்ட ஓஎஸ், அதில் 2.31.

சிஸ்ரூட் கொடுத்திருந்தோமே, அதில் 2.31 தானே இருக்கு? அதுதான் எங்களையும் குழப்பியது. கம்பைலரை -வி போட்டு ஓட்டிப் பார்த்தப்போ விஷயம் தெரிஞ்சுது. உபுண்டு தரும் ஆர்ம் கம்பைலர் தன்னோட சொந்த ஃபோல்டர் ஒண்ணை வெச்சிருக்கு, ஸ்டார்ட்அப் ஃபைல்களையும் லிப்சியையும் அங்கிருந்துதான் முதலில் எடுக்குது. நாங்க கொடுத்த சிஸ்ரூட், அதில் இல்லாததைத் தேட மட்டும்தான் பயன்பட்டது. -வி ஆப்ஷனை முதல் நாளே போட்டிருக்கணும். பக்கம் பக்கமா கொட்டும்னு பயந்து போடலை.

அப்போ எங்க டீமில் ஒருத்தன் சொன்னான்: டைனமிக்கா லிங்க் பண்ணினாத்தானே இந்த வெர்ஷன் வம்பு, ஸ்டாட்டிக்கா பண்ணிடலாம். புத்திசாலித்தனமாத்தான் தெரிஞ்சுது. லிப்யூடெவை --டிஸேபிள்-யூடெவ் போட்டு எடுத்துட்டு, எல்லாத்தையும் -ஸ்டாட்டிக். ஒரே ஃபைல். பையில் போட்டு எண்டர்.

இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

ஜிடிபியில் பார்த்தா மெயின் ஃபங்ஷனுக்கே வரலை. அதுக்கு முன்னாடியே செத்திருக்கு. அப்போ எங்க கோடில் தப்பு இல்லை, லிப்யூஎஸ்பியிலும் இல்லை. அன்னிக்கு ராத்திரிதான் இன்னொரு யோசனையும் வந்தது: பழைய டெமோவில் பதிவு பண்ணி வெச்ச டேட்டா ஃபைல் இருக்கு, அதையே லைவ் மாதிரி ஓட்டிக் காட்டிடலாமா? யார் சொன்னதுன்னு எழுத மாட்டேன். மத்த ரெண்டு பேரும் உடனே வேண்டாம்னு சொல்லலை என்பதை மட்டும் எழுதுறேன்.

காரணம் அந்த நீளப் பெயரில் ஒளிஞ்சிருந்தது. ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐஎச்எஃப். ஆர்ம் என்பது சிபியூ குடும்பம். லினக்ஸ் கெர்னல். க்னூ என்றால் ஜிலிப்சி. இஏபிஐ என்பது ஃபங்ஷன்கள் ஒண்ணோடொண்ணு பேசும் விதி. கடைசி எச்எஃப் என்றால் ஹார்ட் ஃப்ளோட், தசம எண்களை ஃப்ளோட்டிங் பாயின்ட் ரெஜிஸ்டர்களிலேயே அனுப்புவது. இவ்வளவு விவரம் இருக்கே தவிர, எந்த ஆர்ம் என்பது இதில் இல்லை! டெபியனும் உபுண்டுவும் இந்தப் பெயரில் எதிர்பார்ப்பது ஆர்ம்வி7. பை ஜீரோவில் இருக்கும் பிசிஎம்2835 சிப்பின் கோர் ஆர்ம்1176ஜேஇசட்எஃப்-எஸ், அது ஆர்ம்வி6. ராஸ்பியன் என்ற ஓஎஸ் உருவானதே இதனால்தான்: டெபியனின் ஆர்ம்எச்எஃப் பேக்கேஜ்களை ஆர்ம்வி6-க்காகத் திரும்பக் கம்பைல் பண்ணினாங்க, பெயரை மட்டும் மாத்தலை. ரெண்டு வேற வேற பொருளுக்கு ஒரே லேபிள். (பை ஜீரோ 2 டபிள்யூ வெச்சிருக்கிறவங்க அதிர்ஷ்டசாலிகள். அதில் கார்ட்டெக்ஸ்-ஏ53, அங்கே இந்தப் பிரச்சினையே வராது.)

சரி, கம்பைலரிடம் ஆர்ம்வி6-னு சொல்லிடலாமேன்னு -எம்ஆர்ச்=ஆர்ம்வி6 போட்டோம். கம்பைலர் மன்னிப்பே கேட்டது. நிஜமாத்தான், எரர் ‘சாரி’ன்னுதான் ஆரம்பிக்குது: தம்ப்-1 ஹார்ட்-ஃப்ளோட் விஎஃப்பி ஏபிஐ இன்னும் எழுதப்படலைன்னு. ஆர்ம் சிப்களுக்கு ரெண்டு மோட் உண்டு, ஆர்ம் மோட், தம்ப் மோட். உபுண்டு கம்பைலர் இயல்பாகவே தம்ப் மோடில் கோடு தரும். ஆர்ம்வி7-இல் அது தம்ப்-2. ஆர்ம்வி6-க்கு இறங்கச் சொன்னதும் தம்ப்-1 ஆயிடுச்சு, அதில் ஹார்ட் ஃப்ளோட் முடியாது. கூடவே -எம்ஆர்ம், -எம்எஃப்பியூ=விஎஃப்பி ரெண்டையும் போட்டதும் சாரி போய் கம்பைல் ஆச்சு.

பையில் மறுபடியும் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

இந்த இடத்தில் எங்களைக் காப்பாத்தினது ரீட்எல்ஃப் என்ற கமாண்டு, -ஏ ஆப்ஷனோடு. ஆர்ம் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குள் எந்த ஆர்க்கிடெக்சருக்குக் கம்பைல் ஆச்சுன்னு ஒரு குறிப்பு இருக்கும். எங்க ஆப்ஜெக்ட் ஃபைல் ஒவ்வொண்ணையும் பார்த்தோம்: சிபியூ ஆர்ச் வி6. லிப்யூஎஸ்பியின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள்: வி6. கடைசியா லிங்க் ஆன ப்ரோக்ராம்: வி7, தம்ப்-2.

எல்லா செங்கல்லும் நம்மோடது, வீடு மட்டும் வேற யாரோடதோ. ஏன்னா லிங்க்கர் நம்ம கோடை மட்டும் சேர்ப்பதில்லை. மெயினுக்கு முன்னாடி ஓடும் ஸ்டார்ட்அப் ஃபைல்கள், ஜிசிசியின் உதவி லைப்ரரி, ஸ்டாட்டிக் என்பதால் லிப்சி முழுசும், எல்லாமே உபுண்டு முன்னாடியே ஆர்ம்வி7-க்குக் கம்பைல் பண்ணிக் கொடுத்தது. நம்ம ஃப்ளாக் நம்ம சோர்ஸை மட்டும்தான் மாத்தும். ஏற்கனவே கம்பைல் ஆனதை எந்த ஃப்ளாக்கும் தொடாது. ஸ்டாட்டிக்கை விட்டு ஷேர்ட் லைப்ரரியா பண்ணினாலும் தப்பிக்க முடியாது, ஒவ்வொரு .எஸ்ஓ ஃபைலிலும் அந்த ஸ்டார்ட்அப் துண்டுகள் கொஞ்சம் இருக்கும், லோட் ஆகும்போதே ஓடும்.

அதனால் தேவைப்பட்டது ஃப்ளாக் இல்லை, வேற டூல்செயின். கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவி இதுக்காகவே இருக்கு. மெனுவில் கேட்பதற்குப் பதில் சொன்னா ஜிசிசி, பின்யூட்டில்ஸ், ஜிலிப்சி எல்லாத்தையும் சோர்ஸிலிருந்து நமக்காகப் பில்ட் பண்ணித் தரும். நாங்க கொடுத்தது நாலே விஷயம்: சிபியூ ஆர்ம்1176ஜேஇசட்எஃப்-எஸ், எஃப்பியூ விஎஃப்பி, ஹார்ட் ஃப்ளோட், ஜிலிப்சி 2.31. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். வி7 பிரச்சினையும் போச்சு, 2.34 பிரச்சினையும் போச்சு, டைனமிக்கா லிங்க் பண்ணலாம். லேப்டாப் ஃபேன் ராத்திரி முழுக்கக் கத்தினதில் ரூம்மேட் கோபப்பட்டது மட்டும்தான் செலவு.

யூடெவைத் திரும்பச் சேர்க்கலாமான்னு ஒரு விவாதம் நடந்தது. லினக்ஸில் புதுசா யூஎஸ்பி கருவி சொருகினதைத் தெரிஞ்சுக்க லிப்யூஎஸ்பிக்கு ரெண்டு வழி: யூடெவிடம் கேட்பது, இல்லைன்னா கெர்னலின் நெட்லிங்க்கை நேரா கேட்பது. யூடெவ் வழியில் வந்தா, கருவிக்கான பெர்மிஷன் எல்லாம் செட் ஆன பிறகுதான் தகவல் வரும். நெட்லிங்க்கில் அதுக்கு முன்னாடியே வந்துடலாம், திறக்கப் போனா பெர்மிஷன் இல்லைன்னு வரும். கேபிளை அடிக்கடி பிடுங்கிச் சொருகும் சாஃப்ட்வேர்னா யூடெவ் அவசியம். எங்க சென்சார் போர்டு பெட்டிக்குள் ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கு. --டிஸேபிள்-யூடெவ் அப்படியே இருக்கட்டும்னு விட்டோம். தேவையில்லாத டிபெண்டன்சியை வெட்டுவதும் கன்ஃபிகரேஷன் வேலைதான், தோல்வி இல்லை.

இன்ஸ்டால் பண்ணும் இடத்தில் இன்னொரு குழப்பம். ப்ரிஃபிக்ஸ் என்பது லைப்ரரி கடைசியில் எங்கே வாழப்போகுது என்பது, அதாவது பையில் இருக்கும் பாதை. லேப்டாப்பில் தற்காலிகமா எங்கே கொட்டணும் என்பது டெஸ்ட்டிர். பல பேர் ப்ரிஃபிக்ஸில் தன் ஹோம் ஃபோல்டரைக் கொடுத்துடறாங்க. அந்தப் பாதை பிகேஜி-கன்ஃபிக் ஃபைலிலும் இன்னும் சில இடங்களிலும் பச்சை குத்தின மாதிரி பதிஞ்சிடும். நாங்க செய்தது:

மேக் இன்ஸ்டால் டெஸ்ட்டிர்=/ஹோம்/ப்ராஜெக்ட்/ஸ்டேஜ்

அடுத்து நம்ம ப்ரோக்ராமின் மேக்ஃபைல் பிகேஜி-கன்ஃபிக்கிடம் லிப்யூஎஸ்பி எங்கேன்னு கேட்கும். அது பாவம், லேப்டாப்பில் இருக்கும் இன்டெல் லிப்யூஎஸ்பியைக் காட்டும். மாத்த ரெண்டு வேரியபிள். பிகேஜி_கன்ஃபிக்_லிப்டிர் என்பது எந்த ஃபோல்டரில் தேடணும் என்பது. பிகேஜி_கன்ஃபிக்_சிஸ்ரூட்_டிர் என்பது கிடைச்ச பாதைகளுக்கு முன்னாடி எதை ஒட்டணும் என்பது. பிகேஜி_கன்ஃபிக்_பாத் என்று இன்னொண்ணு இருக்கு, எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துவாங்க. அது இருக்கும் பட்டியலோடு சேர்க்கும். லிப்டிர் இருக்கும் பட்டியலையே தூக்கிட்டு நம்மோடதை வைக்கும். கிராஸ்-கம்பைலுக்கு வேண்டியது தூக்கிப் போடறதுதான், இல்லைன்னா நம்ம ஃபோல்டரில் இல்லாத லைப்ரரிக்குச் சத்தமில்லாம லேப்டாப்புக்குப் போயிடும்.

இந்த வேரியபிள் எல்லாத்தையும் ஒரு சின்ன ஷெல் ஃபைலில் எழுதி கிட்டில் போட்டு வெச்சோம். மூணு பேர் லேப்டாப்பிலும் ஒரே மாதிரி பில்ட் ஆகணும் இல்லையா. அதுவரைக்கும் ஒவ்வொருத்தர் டெர்மினல் ஹிஸ்டரியில் ஒவ்வொரு மாதிரி இருந்தது, எது வேலை செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது.

உங்க லைப்ரரியில் வேற ரெண்டு விஷயம் வரலாம், சுருக்கமா சொல்லிடறேன். ரொம்பப் பழைய சோர்ஸா இருந்தா, 64-பிட் ஆர்மின் பெயரான ஆர்ச்64-ஐயே தெரியாதுன்னு சொல்லும். அதில் இருக்கும் கன்ஃபிக்.சப் ஃபைல் பழசு, ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ ஓட்டினா புதுசு வந்துடும். இன்னொண்ணு, என்கர்சஸ் மாதிரி லைப்ரரிகள் பில்ட் நடுவிலேயே ஒரு சின்ன ப்ரோக்ராமை உருவாக்கி, அதை ஓட்டி, சோர்ஸ் ஃபைல் தயாரிக்கும். அது லேப்டாப்பில் ஓடணும், அதனால் அதை மட்டும் லேப்டாப் கம்பைலரில்தான் பண்ணணும். பில்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே எக்ஸிக் ஃபார்மட் எரர் வந்தா இதுதான் காரணம். என்கர்சஸில் --வித்-பில்ட்-சிசி என்ற ஆப்ஷன் இதுக்காகத்தான் இருக்கு.

புது டூல்செயினில் பில்ட் பண்ணினதைக் காப்பி பண்றதுக்கு முன்னாடியே, இந்தத் தடவை லேப்டாப்பிலேயே மூணு பரிசோதனை. ஃபைல் கமாண்டு: 32-பிட் ஆர்ம். ரீட்எல்ஃப் -ஏ: வி6-இல் தொடங்கும் பெயர். ரீட்எல்ஃப் -வி: ஜிலிப்சி முத்திரைகளில் 2.34 எங்கேயும் இல்லை. பையில் போட்டோம். ஓடுச்சு. ஆனா நாங்க போட்ட பிரிண்ட் ஒண்ணு கூட வரலை! எல்டிடி அடிச்சுப் பார்த்தா, ஓஎஸ்ஸோடு வந்த பழைய லிப்யூஎஸ்பிதான் லோட் ஆகியிருக்கு. லோடரின் பட்டியலில் அந்த ஃபோல்டர்தான் முன்னாடி இருந்தது. எல்டி_லைப்ரரி_பாத்தில் எங்க ஃபோல்டரைக் கொடுத்ததும் திரை முழுக்க லாக் கொட்ட ஆரம்பிச்சுது.

டைம்அவுட் ஏன்னு அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சுபோச்சு. யூஎஸ்பியில் எண்ட்பாயின்ட் முகவரியின் மேல் பிட்தான் திசையைச் சொல்லும். அது 1-ஆ இருந்தா கருவியிலிருந்து உள்ளே வருவது, 0-ஆ இருந்தா வெளியே போவது. டேட்டா வாங்க 0எக்ஸ்81 என்று கேட்டிருக்கணும். நாங்க 0எக்ஸ்01 என்று எழுதியிருந்தோம். சென்சார் போர்டில் ரெண்டு திசையிலும் எண்ட்பாயின்ட் ஒண்ணு இருந்ததால் எரரும் வரலை. நாங்க அதுக்கு அனுப்பிக்கிட்டிருந்தோம், அது வாங்க மாட்டேன்னு உட்கார்ந்திருந்தது, ரெண்டு பேரும் காத்துக்கிட்டே இருந்தோம். லாக்கில் திசை அவுட்னு பளிச்சுன்னு எழுதியிருந்தது.

ஒரு எழுத்தை மாத்தினோம். லேப்டாப்பில் மேக் அடிச்சு, காப்பி பண்ணி, ஓட்டினதில் எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் கூட ஆகலை. ரிவியூவில் லைவ் டேட்டாதான் காட்டினோம். பழைய டேட்டா ஃபைலை அன்னிக்குக் காலையிலேயே எஸ்டி கார்டிலிருந்து அழிச்சுட்டேன்.